அடியில் ஆளில்லாத கல்

வம்ச வரலாறு என்ற பெயரில் அச்சாகி வருகிற புத்தகங்களை எடுத்துப் புரட்டுங்கள். முதல் சில பக்கங்களிலேயே ஒரு சமாதி வந்துவிடும். பாட்டனுக்குப் பாட்டன் அடங்கிய இடம், அதன்மேல் எழுப்பிய மண்டபம், விளக்கெரிக்க எழுதிவைத்த நிலம் என்று கதை அங்கிருந்துதான் கிளம்பும். பட்டயம், பட்டா, கோயிலில் முதல் மரியாதை எல்லாம் அந்தக் கல்லைச் சுற்றியே அடுக்கப்படும். வாசிக்கிறவர்களுக்கு இது குடும்பக் கதையாகத் தெரியும். உண்மையில் இது நிலத்தின் கதை. செத்தவனைத் தன் சொந்த மண்ணில் புதைத்து, அந்த மண்ணை நாலு தலைமுறைக்குத் தன் கையிலேயே வைத்திருக்க முடிந்தவன் எழுதிய கதை.

இப்போது நம் பிள்ளைகளும் குடும்ப வரலாறு எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். பாட்டி பேசுவதைச் செல்போனில் பதிவு செய்கிறார்கள், கிளை பிரித்து மரம் போடுகிறார்கள். சந்தோஷமான காரியம்தான். ஆனால் கையில் எடுக்கிற படிவம் அவர்களுடையது: பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, அடக்கமான இடம். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுபோகிறது. சிலர் எங்கோ ஒரு கல்லில் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த ஊரையே அடக்கமான இடமாக எழுதிவிடுகிறார்கள். சிலர், சமாதி காட்ட முடியாத ஆளை மரத்திலிருந்தே இறக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டு தவறையும் செய்யாமல், அடியில் ஆளில்லாத கல்லை எப்படிப் பதிவது என்பதுதான் இங்கே விஷயம்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சேரிகளில் போய், 'உங்க தாத்தாவ எங்க வச்சீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏரிக்கரை ஓரமா', 'காவாய்க்கு அந்தாண்ட' என்றுதான் பதில் வரும். புறம்போக்கில் ஒரு மேடு. நாய் தோண்டாமலிருக்க மேலே முள். இரண்டு மழைக்காலம் போனால் மேடு தரையாகிவிடும், அதே இடத்தில் அடுத்தவரை வைப்பார்கள். கல் நிறுத்தக் காசும் இல்லை, நிறுத்தினாலும் அந்த இடம் நம்முடையது என்று சொல்லக் காகிதமும் இல்லை. பிறகு தொழிற்பேட்டை வந்தது, மனைப்பிரிவு வந்தது, ரோடு அகலமானது. சர்ச்சுக்குப் போன குடும்பங்களுக்கு மட்டும் அடக்கப் பதிவேடு என்று ஒன்று மிஞ்சியது. ஊரிலேயே செத்து ஊரிலேயே புதைக்கப்பட்டவர்களுக்கே இடம் காட்ட முடியாத நிலை என்றால், ஊரைவிட்டுப் போய்ச் செத்தவர்களை எங்கே தேடுவது?

போனவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. ஆவடி என்றதும் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது 1955 காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம். மற்றவர்களுக்கு டாங்க் ஃபேக்டரி. அதற்கெல்லாம் முன்னால் ஆவடிக்கு வேறொரு வேலை இருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புகிற டிப்போ இங்கே இருந்தது. ஒன்று ஆவடியில், இன்னொன்று நாகப்பட்டினத்தில். கங்காணி கூட்டிவந்த ஆட்களை இங்கே தங்க வைத்து, டாக்டர் பார்த்து, பேர் எழுதி, கப்பலேற்றினார்கள். இன்றைக்கு ஆவடியில் டிப்போ என்றால் பஸ் டிப்போதான். சொல் தங்கிவிட்டது, அதன் பழைய அர்த்தம் காணாமல் போய்விட்டது.

போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத சாதிகள், அவர்களில் ஆதிதிராவிடர் கணிசம். 1922-ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசு மலாயாவில் ஒரு ஏஜென்டை வைத்திருந்தது. அவர் வருடாவருடம் அறிக்கை எழுதினார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. அது ஆட்களின் கணக்கு, பேர்களின் கணக்கு அல்ல. 1938 ஜூனில் கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் அங்கே தங்கிவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் கடல்வழியே வந்துகொண்டிருந்த கடிதமும் பணமும் நின்றுபோயின.

பட்டாபிராம் பக்கம் ஒரு பாட்டி சொன்னது: 'எங்க நைனாவோட அப்பா பினாங்கு போனாரு. ரெண்டு கடுதாசி வந்துச்சாம். அப்பறம் ஜப்பான்காரன் வந்துட்டான். அவ்ளோதான்.' இந்த 'அவ்ளோதான்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 1942, 1943 ஆண்டுகளில் 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டது. அதில் 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் செத்தார்கள். கூடவே ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேரளவில் இழுத்துவரப்பட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் பல பத்தாயிரம் பேர், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூ வைத்து, வரிசையாக. நம்மவர்களைச் செத்த இடத்திலேயே காட்டில் புதைத்தார்கள், குவித்து எரித்தார்கள், ஆற்றில் விட்டார்கள். ஒரே பாதை, ஒரே காலரா. செத்த பிறகும் கல்லறையில் சேரி தனியாகத்தான் இருந்தது.

சரி, இங்கே ஊரில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? சும்மா இருக்கவில்லை. பல வருஷம் காத்திருந்துவிட்டு, ஆள் இனி வராது என்று முடிவு செய்து, பிணமில்லாமலே காரியம் செய்தார்கள். தாலியை இறக்கினார்கள். தொண்டை மண்டலத்தில் பூவாடை அழைப்பது என்ற வழக்கம் உண்டு. கல்யாணம் போன்ற நல்ல காரியத்துக்கு முன்னால் வீட்டில் செத்தவரைக் குளத்தங்கரைக்கோ கிணற்றடிக்கோ போய், பம்பை உடுக்கை அடித்து வர்ணித்துக் கூப்பிட்டு, கரகத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் படைப்பார்கள். அதற்குப் பிணமும் வேண்டாம், சமாதியும் வேண்டாம். தண்ணீர் இருந்தால் போதும். இன்னொன்றும் செய்தார்கள். போனவருடைய பேரைப் பிறந்த பிள்ளைக்கு வைத்தார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. கல் வைக்க முடியாதவர்கள் பிள்ளைமேல் பேரை நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற தமிழறிஞர்கள், நடுகல் என்றதும் கண் கலங்குவார்கள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியப் புறத்திணையியல் படித்தவர்களுக்குத் தெரியும், நடுகல்லுக்கு அங்கே ஆறு நிலைகள் சொல்லியிருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, பெரும் படையல் போடுவது, வாழ்த்துவது. இந்த ஆறிலும் பிணத்தைப் புதைப்பது என்று ஒரு நிலை கிடையாது என்பதை யாராவது கவனித்திருக்கிறோமா? நடுகல் என்பது சமாதியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அது பேரை நிறுத்துகிற இடம். பூவாடைக் கரகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எடுக்கிறோம், கொண்டுவந்து நிறுத்துகிறோம், படைக்கிறோம், பம்பைக்காரர் வாழ்த்திப் பாடுகிறார். கல்லுக்குப் பதில் கரகம். அரண்மனைக்கும் ஊருக்கும் சண்டை போட்டுச் செத்தவனுக்குச் செய்தால் செவ்வியல் மரபு, கூலிக்குப் போய்ச் செத்தவனுக்குச் சேரியில் செய்தால் சடங்கு. இந்தப் பிரிவினையைச் செய்தது பல்கலைக்கழகம்.

செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தியது. மாடு பிடிக்க வந்தவர்களோடு போராடிச் செத்தவனோடு, அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பேர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பேர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஆவடியில் பேர் எழுதிக்கொண்டு கப்பலேற்றிய மனிதனுக்குச் சயாமில் பேர் இல்லை.

பிணமில்லாத நினைவுச் சின்னம் என்றால் ஏதோ குறைபாடு என்று நினைக்க வேண்டாம். அரசாங்கங்கள் கூசாமல் கட்டுகின்றன. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்கு வருகிற ரோட்டிலேயே, நந்தம்பாக்கத்தில், சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் பின்பகுதியில் 1914-1918 போருக்கான நினைவுச் சின்னம். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர்கள். அந்த ஆட்கள் அங்கே இல்லை. இந்தியாவில் பல ஊர்களின் பொதுக் கல்லறைகளிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் கிடக்கிறார்கள், அந்தக் கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்பதால் பேரை மட்டும் இங்கே கொண்டுவந்து வெட்டினோம் என்று ஆணையமே சொல்கிறது. அதே ரோட்டில் பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் 2003-இல் நினைவிடம் திறந்தார்கள். தகனம் நடந்தது தில்லியில். உடல் இங்கே இல்லையே, இது எப்படி நினைவிடம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி நம்மிடம் மட்டும் வருகிறது.

பேர் வெட்டுவதிலும் சாதி உண்டு, நிறம் உண்டு. முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் செத்துக் கல்லறை தெரியாதவர்களுக்காக 1929-இல் பாஸ்ராவில் திறந்த நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும், பிரிட்டிஷ் இந்திய அதிகாரிகளுக்கும் பேர் இருந்தது. இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் 33,000-க்கும் மேற்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கை. பறையர்கள் நிறையச் சேர்ந்திருந்த மதராஸ் சாப்பர்ஸ் படையும் அந்தப் போர்முனையில் இருந்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் செத்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. இதற்கு மாறாக மகாராஷ்டிரத்தில் பீமா கோரேகாவ் தூணைப் பாருங்கள். 1818 ஜனவரி 1 சண்டைக்காகக் கம்பெனி நிறுத்திய தூண். அதிலிருக்கும் பேர்களில் 22 பேர் 'நாக்' என்று முடிகிற மகர்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். எலும்பு தேடிப் போகவில்லை, பேரை வாசிக்கப் போனார். அந்த வாசிப்பிலிருந்து ஒரு அரசியல் பிறந்தது.

இனி பதிவு செய்கிற முறைக்கு வருவோம். என் யோசனை சாதாரணமானது. 'அடக்கமான இடம்' என்ற ஒற்றைக் கட்டத்தை நாலாக உடையுங்கள்.

ஒன்று, பேர் இருக்கும் இடம். கல்லா, செங்கல்லா, கரகமா, சுவரில் மாட்டிய படமா, கையில் குத்திய பச்சையா, பேரன் மேலிருக்கும் பேரா? எதுவானாலும் எழுதுங்கள். யார் வைத்தார்கள், எப்போது, யார் செலவில் என்பதையும் எழுதுங்கள். கல்லில் இருக்கும் தேதி பெரும்பாலும் கல் வைத்த தேதி, செத்த தேதி அல்ல. ஒரே ஆளின் பேர் இரண்டு கல்லில் இருக்கலாம், அதனால் அவர் இரண்டு ஆளாகிவிட மாட்டார். ஒரு பட்டியலில் பேர் இல்லாததால் ஆள் சாகவில்லை என்றும் ஆகாது.

இரண்டு, உடல் இருக்கும் இடம். தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் நாம் தேடவில்லை என்று அர்த்தமாகிவிடும். தெரியாது என்று எழுதினால் தேடினோம், கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று, சாட்சி. யார் சொன்னார்கள், என்ன முறை, கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா? 'பினாங்கு போனாரு' என்பது சாட்சி. 'சயாம் ரயில்ல செத்திருப்பாரு' என்பது யூகம். இரண்டையும் ஒரே வரியில் கலக்கக் கூடாது.

நாலு, பேரையும் உடலையும் பிரித்தது எது. வெள்ளைக்காரன் டிப்போ, ஜப்பான்காரன் ரயில், பண்ணையார் தீ, போலீஸ் தடி. இந்தக் கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. நம் குடும்ப வரலாற்றில் இதுதான் முக்கியமான கட்டம். மற்ற மூன்றும் ஆளைப் பற்றிச் சொல்கின்றன, இது ஆளை அப்படி ஆக்கிய அதிகாரத்தைப் பற்றிச் சொல்கிறது.

இவ்வளவு கறார் எதற்கு, நம் ஜனங்கள்தானே, ஒரு கல்லைச் சமாதி என்று எழுதினால் என்ன கெட்டுவிட்டது என்று தோழர்கள் கேட்கலாம். கெட்டுவிடும். சுடுகாட்டுக்கும், சுடுகாட்டுக்குப் போகிற பாதைக்கும் இன்னமும் நாம் தாசில்தாரிடமும் கோர்ட்டிலும் நின்றுகொண்டிருக்கிறோம். நினைவுக் கல்லைச் சமாதி என்று ஒரு இடத்தில் எழுதி, அது தோண்டிப் பார்த்துப் பொய் என்று ஆனால், நிஜமான எலும்புகள் கிடக்கிற ஏரிக்கரையையும் பொய் என்றுதான் சொல்வான். எதிரிக்கு அந்த வாய்ப்பை நாமே எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

கீழ்வெண்மணியையும் இந்த முறையில் வாசிக்கலாம். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அங்கே நிற்கிற சின்னத்தில் அந்தப் பேர்கள் இருக்கின்றன. அதைச் சமாதி என்று எழுதுகிறவர், ஆட்கள் முறையாக அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று தன்னையறியாமல் சொல்கிறார். எரித்தவனுக்கு அது சௌகரியம். திருநெல்வேலியில் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். வருடாவருடம் அதே நாளில் ஆற்றில் பூப் போடுகிறார்கள். அங்கே ஆறும் தேதியும்தான் நினைவுச் சின்னம். முதல் கட்டத்தில் 'ஆறு, ஜூலை 23' என்று எழுதலாம். தவறில்லை.

நாவல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சயாம் ரயிலைப் பற்றி மலேசியத் தமிழர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. இரண்டாவதன் தலைப்பையே கவனியுங்கள். கல் நிறுத்த வேண்டிய இடத்தில் நாவல் நிற்கிறது. ஆனாலும் நாவலின் பாத்திரத்தைக் குடும்ப மரத்தில் ஏற்ற முடியாது. பாத்திரத்தின் பேர் எழுத்தாளர் வைத்த பேர். தாத்தா எப்படிச் செத்திருப்பார் என்பதை நாவல் சொல்லும், தாத்தா பேரைச் சொல்லாது. பாட்டிக்குப் பேர் தெரியும், எப்படிச் செத்தார் என்று தெரியாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இன்னொன்றாக மாற்றாமல் வாசிப்பதுதான் நம் விமர்சனத்தின் வேலை.

அவசரமும் இருக்கிறது. 1938-இல் கப்பல் நின்ற வருஷம் பிறந்த குழந்தைக்கு இன்று எண்பத்தைந்து வயதுக்கு மேல். 'அப்பா எங்க?' என்று கேட்டு வளர்ந்தவர்களில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் பேர். ஆவணக் காப்பகம் இன்னும் நூறு வருஷம் திறந்திருக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள். அடுத்த தடவை வீட்டில் படையல் போடும்போது செல்போனை நோண்டிக்கொண்டு வெளியே நிற்காதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். கற்பூரம் காட்டும்போது ஆயா யார் யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். தெரியாத பேர் ஒன்று வந்தால், 'இது யாரு ஆயா? எங்க போனாரு?' என்று கேட்டு, சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.